ஆஞ்சியோ மேசையில் இதயத் துடிப்பு தடுமாறுவது ஏன்? அதை எப்படிக் குறைக்கிறார்கள்?

(எபிசோடின் எழுத்து வடிவம். பேச்சில் திரும்பத் திரும்ப வந்தவற்றை நீக்கி, படிக்க வசதியாகச் சற்றுச் சீர்செய்திருக்கிறோம்.)

ஒரு நேயர் அனுப்பின வாய்ஸ் மெசேஜ்ல இருந்து இன்னைக்குத் தொடங்கலாம். அவர் குன்றத்தூர்ல இருக்கார், ஒரகடம் பக்கம் ஒரு கம்பெனியில ஷிப்ட் வேலை. அவர் கேட்டது இது: "அப்பாவுக்கு வேகமா நடந்தா நெஞ்சு இறுக்குது. டிரெட்மில் டெஸ்ட் எடுத்துட்டு, ஆஞ்சியோ பார்க்கணும்னு சொன்னாங்க. கையெழுத்துப் போடற ஃபார்ம்ல, இதயத் துடிப்பில் கோளாறு வரலாம், மிக அரிதாக உயிருக்கே ஆபத்து நேரலாம்னு ஒரு வரி இருந்துச்சு. அம்மா அதைப் படிச்சதும் வேண்டவே வேண்டாம்னு சொல்லிட்டாங்க. வீட்டுக்குக் கூட்டிட்டு வந்துட்டோம். அந்த வரி எவ்வளவு உண்மை?"

நல்ல கேள்வி. அந்த வரி உண்மைதான். ஆனா அந்த ஒரு வரிக்குப் பின்னாடி இருக்கற விஷயத்தை யாரும் உட்கார்ந்து விளக்கறதில்லை. துடிப்பு ஏன் மாறுது, எப்போ மாறுது, அதைக் குறைக்க கேத் லேப்ல என்ன பண்றாங்க, நம்ம பக்கத்துல இருந்து என்ன செய்யணும். இந்த நாலையும் பார்க்கப் போறோம். இது பொதுவான விளக்கம். உங்க உடம்பைப் பத்தின முடிவை உங்க டாக்டரோட பேசித்தான் எடுக்கணும்.

முதல்ல: அவசரமா, திட்டமிட்டதா?

ஆஞ்சியோ ரெண்டு சூழ்நிலையில நடக்கும். நடந்தா வலி, உட்கார்ந்தா சரியாகிடுது, பல மாசமா அப்படியேதான் இருக்கு. இந்த மாதிரி ஆளுக்குச் செய்யறது திட்டமிட்ட ஆஞ்சியோ. இதுல கேள்வி கேட்க, யோசிக்க, இன்னொரு டாக்டரைப் பார்க்க உங்களுக்கு நேரம் இருக்கு. ஆனா வலி அடிக்கடி வர ஆரம்பிச்சா, கொஞ்ச தூரத்துலயே வந்தா, சும்மா உட்கார்ந்திருக்கும்போதே வந்தா, அந்த நேரம் இல்லை.

ரெண்டாவது, ஹார்ட் அட்டாக் நடந்துக்கிட்டிருக்கும்போது செய்யற அவசர ஆஞ்சியோ. இங்கே துடிப்புக் கோளாறு வரும்னு பயந்து வீட்டுக்குத் திரும்பறது மிகப் பெரிய ஆபத்து. ஏன்னா அடைபட்ட ரத்தக்குழாயே துடிப்பைக் கெடுக்கற முக்கியமான காரணம். ஹார்ட் அட்டாக்ல ஆஸ்பத்திரி போய்ச் சேர்றதுக்கு முன்னாடி இறக்கறவங்கள்ல பெரும்பாலானவங்க துடிப்புக் கோளாறாலதான் இறக்கறாங்க. கேத் லேப்ல அதே கோளாறு வந்தா, ஷாக் மெஷின் கை எட்டற தூரத்துல இருக்கு. வீட்டுல வந்தா எதுவும் இல்லை.

அந்த நேயரோட அப்பா சொன்ன அறிகுறியைப் பார்த்தா முதல் வகை மாதிரி தெரியுது. அதனால கூட்டிட்டு வந்ததுல பெரிய தப்பு நடந்துடலை. ஆனா அப்படியே விட்டுடவும் கூடாது. கேள்விகளோட திரும்பப் போகணும்.

இதயத்துக்குள்ள ஓடற கரண்ட்

இதயம் தசைதான், ஆனா கரண்ட்ல ஓடற தசை. வலது மேலறையில ஒரு சின்ன இடம் நிமிஷத்துக்கு 60-லிருந்து 100 தடவை சிக்னல் அனுப்புது. அது மேலறைகள்ல பரவி, நடுவுல ஒரு சந்திப்புல கொஞ்சம் தாமதிச்சு, அப்புறம் வலது கிளை, இடது கிளைன்னு ரெண்டு வழியா கீழறைகளுக்கு இறங்குது. கீழறைகள் சுருங்கினா ரத்தம் வெளியே போகுது.

அசெம்பிளி லைன்ல வேலை பார்க்கறவங்களுக்கு இது சுலபமாப் புரியும். ஒவ்வொரு ஸ்டேஷனும் முந்தின ஸ்டேஷன்ல இருந்து சிக்னல் வந்தாத்தான் நகரும். நடுவுல இருக்கற சென்சார்ல யாராவது தெரியாம கை வச்சுட்டா, அந்த ஸ்டேஷன் முன்கூட்டியே ஒரு தடவை நகர்ந்துடும். இதயத் தசையும் அப்படித்தான். கதீட்டரோட நுனியோ வயரோ கீழறைச் சுவரைத் தொட்டா, அந்த இடம் தானாவே ஒரு துடிப்பை எழுப்பும். இந்தத் 'தப்புத் துடிப்பு' மானிட்டர்ல அகலமான ஒரு கோடாத் தெரியும். நோயாளிக்கு நெஞ்சுக்குள்ள ஏதோ 'டபக்'னு குதிச்ச மாதிரி இருக்கும். நுனியைப் பின்னால் இழுத்தா பெரும்பாலும் அதுவே நின்னுடும்.

ஃபார்ம்ல 'துடிப்புக் கோளாறு'ன்னு ஒரே வார்த்தையில எழுதியிருக்கறது பல விஷயங்களைச் சேர்த்துத்தான். ஒண்ணு, மேல சொன்ன தப்புத் துடிப்பு. இது சாதாரணம். ரெண்டாவது, துடிப்பு மெதுவாகறது. பயம், வலி, ஊசி குத்தினது, உடம்புல தண்ணி இல்லாதது இதுல எல்லாம் வரலாம். மூணாவது, சிக்னல் நடுவழியில நின்னு போறது. இதை ஹார்ட் பிளாக்னு சொல்றாங்க. பேர்ல பிளாக் இருந்தாலும் இது கரண்ட்ல வர்ற தடை, ரத்தக்குழாய் அடைப்பு வேற. நாலாவது, கீழறை சுருங்காம வெறுமனே நடுங்கறது. டாக்டர்கள் வி.எஃப்.னு சொல்வாங்க. இதுதான் உண்மையான ஆபத்து. ஷாக் கொடுத்துத்தான் நிறுத்தணும். திட்டமிட்ட ஆஞ்சியோவுல இந்த நாலாவது வகை நூத்துல ஒருத்தருக்கும் குறைவாத்தான் வருது. வந்தாலும் சில வினாடிகள்ல ஷாக் கொடுக்கற ஏற்பாட்டோடதான் நோயாளியைப் படுக்க வைக்கறாங்க.

ஒரு விபத்துல கிடைச்ச பாடம்

இதயத்துக்குள்ள குழாய் விடலாம்ங்கறதை முதல்ல தன் உடம்புலயே செஞ்சு காட்டினவர் வெர்னர் ஃபோர்ஸ்மன். 1929-ல ஜெர்மனியில எபர்ஸ்வால்டேங்கற ஊர்ல, சிறுநீர்ப் பாதைக்குப் பயன்படுத்தற குழாயை முழங்கை நரம்பு வழியா 65 சென்டிமீட்டர் உள்ளே விட்டு, எக்ஸ்ரே அறைக்கு நடந்து போய்ப் படம் எடுத்துக்கிட்டார். 1956-ல அவருக்கு நோபல் பரிசு கிடைச்சது, இன்னும் ரெண்டு பேரோட சேர்த்து.

ஆனாலும் இதயத்தோட சொந்த ரத்தக்குழாய்க்குள்ள நேரடியா டை செலுத்தறது நடக்காத காரியம்னுதான் எல்லாரும் நினைச்சாங்க. அந்தப் பக்கம் ரத்தத்துக்குப் பதிலா டை போனா, வி.எஃப். வந்து ஆள் செத்துடுவார்ங்கற பயம். 1958 அக்டோபர் 30-ஆம் தேதி, அமெரிக்காவுல கிளீவ்லாந்து கிளினிக்ல மேசன் சோன்ஸ் ஒரு வால்வு நோயாளிக்கு மகாதமனியில டை செலுத்தப் போனார். கதீட்டர் நுனி நழுவி வலது இதய ரத்தக்குழாய்க்குள்ள போயிடுச்சு. சுமார் 30 மில்லி டை அங்கேயே இறங்கிடுச்சு. சோன்ஸ் பயந்த மாதிரி வி.எஃப். வரலை. இதயம் நின்னுடுச்சு. நோயாளிக்கு இன்னும் நினைவு இருந்தது. இருமச் சொன்னார். மூணு நாலு தடவை இருமினதும் துடிப்பு திரும்பி வந்துச்சு.

சோன்ஸ் அதுல ஒரு விஷயத்தைப் புரிஞ்சுக்கிட்டார். 30 மில்லியையே இதயம் தாங்கிச்சுன்னா, அதுல சின்னப் பங்கை, சரியான இடத்துல, கவனமா செலுத்தலாம். இன்னைக்கு நாம ஆஞ்சியோன்னு சொல்றது அங்கே இருந்து வந்ததுதான். 1977-ல சூரிச்ல ஆண்ட்ரியாஸ் க்ருன்ட்சிக் பலூன் வச்சு அடைப்பைத் திறந்தார். அவர்கிட்ட பயிற்சி எடுத்த மேத்யூ சாமுவேல் களரிக்கல், 1986-ல இந்தியாவின் முதல் ஆஞ்சியோபிளாஸ்டியைச் செய்தார். அவர் பல வருஷம் சென்னையில பணியாற்றினவர்.

இருமல் பத்தி ஒரு நிறுத்தம்

"தனியா இருக்கும்போது ஹார்ட் அட்டாக் வந்தா பலமா இருமுங்க, உயிர் பிழைக்கலாம்"னு ஒரு வாட்ஸ்அப் செய்தி வருஷக்கணக்கா சுத்திக்கிட்டிருக்கு. அதோட வேர் கேத் லேப்லதான் இருக்கு. 1976-ல மைக்கேல் க்ரைலிங்கற டாக்டரும் அவர் குழுவும், ஆஞ்சியோ மேசையில துடிப்பு நின்ன நோயாளிகள் விடாம இருமினதால கொஞ்ச நேரம் நினைவோட இருந்ததைப் பதிவு பண்ணினாங்க. இருமும்போது நெஞ்சுக்குள்ள அழுத்தம் கூடி ரத்தம் தள்ளப்படுது.

அது வேலை செஞ்சது எங்கே? மானிட்டர் ஓடிக்கிட்டிருந்த இடத்துல. துடிப்பு நின்ன அதே வினாடியில 'இருமுங்க'ன்னு சொல்ல ஆள் நின்ன இடத்துல. ஷாக் மெஷின் சார்ஜ் ஆகற சில வினாடிகளுக்காக. வீட்டுல நெஞ்சு வலி வர்றவருக்கு இதயம் இன்னும் துடிச்சுக்கிட்டுத்தான் இருக்கும். அவர் இருமிப் பயன் இல்லை. இருமிக்கிட்டிருக்கற நேரத்துல 108-க்கு அழைச்சிருக்கலாம். துடிப்பே நின்னவருக்கு சில வினாடிகள்ல நினைவு போயிடும், அவரால இருமவே முடியாது. பக்கத்துல இருக்கறவங்கதான் நெஞ்சு நடுவுல நிமிஷத்துக்கு 100-லிருந்து 120 தடவை, 5 சென்டிமீட்டராவது இறங்கற மாதிரி அழுத்தணும். கேத் லேப்ல உங்களை இருமச் சொன்னா இருமுங்க. வீட்டுல வலி வந்தா போன் எடுங்க.

மேசைக்குப் போறதுக்கு முன்னாடி

துடிப்புக் கோளாறைக் குறைக்கற வேலையில பாதி, நோயாளி கேத் லேப்புக்குள்ள போறதுக்கு முன்னாடியே முடிஞ்சுடுது. அதுல குடும்பத்தோட பங்கு பெருசு.

முதல்ல பொட்டாசியம். இதயச் செல்களோட கரண்ட் இந்தத் தாதுவைச் சார்ந்துதான் ஓடுது. ரத்தத்துல ஒரு லிட்டருக்கு 3.5-லிருந்து 5 மில்லி ஈக்குவலன்ட் வரை சரியான அளவு. குறைஞ்சா சின்னத் தொடுதலுக்கே தசை துள்ளும். கூடினா துடிப்பு மெதுவாகி நின்னும் போகலாம். மெக்னீசியம் குறைஞ்சாலும் இதே மாதிரி தொந்தரவு. திட்டமிட்ட ஆஞ்சியோன்னா, முதல்ல ரத்தம் எடுத்துப் பார்த்து, சரிபண்ணிட்டுத்தான் தொடுவாங்க.

இங்கே ஒரு குழப்பம் வரும். நம்ம பக்கத்துல 'உப்பு கூடியிருக்கு'ன்னு சொன்னா பெரும்பாலும் கிரியாட்டினினைச் சொல்றோம். அது கிட்னி எப்படி வேலை செய்யுதுன்னு காட்டற எண். பொட்டாசியம் வேற. ரெண்டு எண்ணையும் தனித்தனியாக் கேட்டு எழுதி வச்சுக்குங்க. கிட்னி சரியில்லாதவங்களுக்கு டை செலுத்தற அளவையும் குறைக்கணும், பொட்டாசியமும் ஏறலாம்.

பொட்டாசியத்தை மாத்தற விஷயங்கள் நம்ம வீட்டுக்குள்ளேயே இருக்கு. நீர் போக எடுக்கற மாத்திரைகள்ல பல குறைக்கும், சில வகை கூட்டும். ரெண்டு நாள் வயித்துப்போக்கு குறைக்கும். தொண்டைக்கு நல்லதுன்னு தினமும் நிறைய அதிமதுரம் சாப்பிடறது, வாரக்கணக்குல போனா குறைக்கும். இளநீர் நல்லதுதான், ஆனா அதுல பொட்டாசியம் நிறைய இருக்கு. கிட்னி நோய் இருக்கறவர் ஆஞ்சியோவுக்கு முந்தின நாள் 'சூட்டைத் தணிக்க' ரெண்டு இளநீர் குடிக்கறது பிரச்சினை ஆகலாம். லேகியம், பொடி எதுவா இருந்தாலும் மறைக்காமச் சொல்லுங்க. டாக்டர் திட்டுவாரோன்னு பயப்படற விஷயம்தான் அவருக்குத் தேவையான விஷயம்.

ரெண்டாவது, பழைய ஈ.சி.ஜி. இது ஒரகடம், ஸ்ரீபெரும்புதூர், இருங்காட்டுக்கோட்டை பக்கம் வேலை பார்க்கறவங்களுக்கு ரொம்ப முக்கியம். பல கம்பெனிகள்ல வருஷத்துக்கு ஒரு தடவை மெடிக்கல் செக்கப் நடக்குது, ஈ.சி.ஜி.யும் எடுக்கறாங்க. அந்தத் தாள் கம்பெனி ஃபைல்லயே தூங்கிடுது. ஒரு ஃபோட்டோ எடுத்து உங்க போன்ல வச்சுக்குங்க.

ஏன்னு சொல்றேன். சிக்னல் இறங்கற ரெண்டு கிளைல இடது கிளை ஏற்கெனவே வேலை செய்யலைன்னு வச்சுக்குவோம். ரிப்போர்ட்ல எல்.பி.பி.பி.னு இருக்கும். இதயத்தோட வலது பக்கத்துக்குக் கதீட்டர் போகும்போது, அதோட நுனி வலது கிளையைத் தட்டினா அதுவும் கொஞ்ச நேரம் செயலிழக்கலாம். நூத்துல அஞ்சு பேர் வரைக்கும் இப்படித் தற்காலிகமா ஆகுது. இடது கிளை நல்லா இருக்கறவருக்கு இது தெரியக்கூடத் தெரியாது. இடது கிளை போனவருக்கு ரெண்டு வழியும் அடைஞ்சு துடிப்பே நின்னுடலாம். முன்கூட்டியே தெரிஞ்சா, தற்காலிக பேஸ்மேக்கரைத் தயாரா வச்சுக்கிட்டுத் தொடங்குவாங்க. தெரிஞ்ச ஆபத்துக்கு ஏற்பாடு இருக்கும்.

அவசரத்துல வந்தவருக்கும் பழைய ஈ.சி.ஜி. உதவும். இப்போ தெரியற மாற்றம் புதுசா, பத்து வருஷமா இருக்கறதான்னு ஒரே பார்வையில தெரிஞ்சுடும்.

மூணாவது, மருந்துப் பட்டியல். சில ஆன்டிபயாட்டிக், சில மனநல மருந்துகள் இதயத்தோட கரண்ட் திரும்பச் சார்ஜ் ஆகற நேரத்தை நீட்டும். டிகாக்சின் சாப்பிடறவருக்குப் பொட்டாசியம் குறைஞ்சா ஆபத்து இரட்டிப்பு. தைராய்டு கூடியிருந்தாலும் துடிப்பு தாறுமாறாகும். ஆண்கள் சொல்லத் தயங்கற ஒண்ணும் இருக்கு. சில்டெனாஃபில் மாதிரி மாத்திரை போட்டிருந்தா கட்டாயம் சொல்லணும். மணிக்கட்டு வழியா ஆஞ்சியோ செய்யும்போது ரத்தக்குழாய் இறுகாம இருக்க நைட்ரோகிளிசரின் கொடுப்பாங்க. ரெண்டும் சேர்ந்தா பிரஷர் படுத்துடும். பெத்த பிள்ளைங்க முன்னாடி சொல்ல முடியலைன்னா, நர்ஸ் தனியாக் கேட்கும்போது சொல்லுங்க.

மேசை மேல என்ன பண்றாங்க

கேத் லேப்ல டாக்டர் மூணு விஷயத்தை ஒரே நேரத்துல பார்த்துக்கிட்டிருப்பார். எக்ஸ்ரே படம், ஈ.சி.ஜி. கோடு, கதீட்டர் நுனியில இருக்கற ரத்த அழுத்தத்தோட கோடு.

இந்த மூணாவது கோடு வெளியில இருக்கற நமக்குத் தெரியாத காவல்காரன். கதீட்டர் நுனி ரத்தக்குழாய் வாயில சரியா உட்கார்ந்தா, அழுத்தக் கோடு அழகா ஏறி இறங்கும். நுனி ரொம்ப உள்ளே போய் வழியை அடைச்சுட்டா, இல்லை சுவர்ல முட்டிக்கிட்டா, கோடு தட்டையாகும், உருவம் மாறும். அந்த நிலையில டை செலுத்தினா அது அங்கேயே தேங்கி, தசைக்கு ரத்தம் கிடைக்காம வி.எஃப். வரலாம். அதனால கோடு கெட்டா, செலுத்தாம கதீட்டரைப் பின்னால் இழுக்கறதுதான் விதி. வலது ரத்தக்குழாய்ல ஆரம்பத்துல பிரியற ஒரு சின்னக் கிளை இருக்கு. அதுக்குள்ள நுனி போய் டை முழுக்க அங்கே இறங்கினா வி.எஃப். வர்றதுக்கு வாய்ப்பு அதிகம். அனுபவமுள்ளவங்க வலது பக்கம் கூடுதல் கவனமா இருக்கறதுக்கு அதுவும் ஒரு காரணம்.

டையும் மாறியிருக்கு. பழைய டைகள் ரத்தத்தை விடப் பல மடங்கு அடர்த்தியானவை. சிலது ரத்தத்துல இருக்கற கால்சியத்தையும் பிடிச்சு வச்சுக்கும். துடிப்பு மெதுவாகறதும் வி.எஃப். வர்றதும் அப்போ அதிகம். இப்போ பயன்படுத்தற அடர்த்தி குறைஞ்ச, அயனியில்லாத டைகள்ல அது வெகுவாகக் குறைஞ்சிருக்கு. அளவைக் குறைச்சு, குழாய்க்குள்ள ஒரு காற்றுக் குமிழ்கூட இல்லாம வெளியேத்தி, ஒரு ஊசிக்கும் அடுத்ததுக்கும் நடுவுல துடிப்பு பழைய நிலைக்கு வர்றதுக்கு நேரம் கொடுக்கறாங்க.

துடிப்பு மெதுவாகறதைக் குறைக்க, மரத்துப்போற ஊசியை நல்லாப் போடறது, பயத்தைத் தணிக்க லேசான மருந்து கொடுக்கறது, டிரிப்ஸ் ஓட விடறது. அப்படியும் மெதுவானா அட்ரோபின் ஊசி தயாரா இருக்கும். எவ்வளவு நேரம் வெறும் வயிறு, தண்ணி குடிக்கலாமான்னு முன்னாடியே கேளுங்க. ஆஸ்பத்திரிக்கு ஆஸ்பத்திரி இது மாறுது. நீங்களாவே முந்தின நாள் மதியத்துல இருந்து பட்டினி கிடக்காதீங்க.

நோயாளிக்கும் ஒரு வேலை இருக்கு. நீங்க முழிச்சுக்கிட்டுத்தான் இருப்பீங்க. தலை சுத்தினா, நெஞ்சு படபடத்தா, கண்ணு இருட்டினா உடனே சொல்லுங்க. தொந்தரவு பண்றோமோன்னு நினைக்க வேண்டாம்.

கழுத்து வழியாப் போற குழாய்

ஐ.சி.யூ.வுலயும் டயாலிசிஸ் பிரிவுலயும் கழுத்து நரம்பு வழியாக் குழாய் போடறாங்க. இங்கே தொந்தரவு கொடுக்கறது குழாய்க்கு முன்னாடி போற வயர். தேவைக்கு மேல உள்ளே தள்ளினா கீழறைக்குள்ள போய்ச் சுவரைத் தட்டும். வளர்ந்த ஆளுக்கு 15-லிருந்து 20 சென்டிமீட்டருக்கு மேல தேவைப்படறது குறைவு. அதனாலதான் வயர்ல அளவுக் குறி இருக்கு. மானிட்டர் சத்தத்தை ஓட விட்டு, தப்புத் துடிப்பு கேட்டதும் வயரைப் பின்னால் இழுப்பாங்க. டயாலிசிஸ் நோயாளிக்குப் பொட்டாசியமும் கூடியிருக்கலாம்ங்கறதால இந்தக் கவனம் ரெண்டு மடங்கு வேணும்.

இதயத்தோட வலது பக்கம் முழுக்கக் கடந்து நுரையீரல் தமனி வரைக்கும் போற ஒரு கதீட்டர் இருக்கு. ஜெரமி ஸ்வான், வில்லியம் கான்ஸ் ரெண்டு பேரும் 1970-ல வெளியிட்டது. அதுக்கு முன்னாடி விறைப்பான குழாய்களைத்தான் தள்ளுவாங்க, கீழறையில இடிச்சு இடிச்சுத் துடிப்பைக் கெடுக்கும். ஸ்வான் கலிஃபோர்னியாவுல சான்டா மோனிகா கடற்கரையில பாய்மரப் படகு காத்துல போறதைப் பார்த்துக்கிட்டிருந்தப்போ இந்த யோசனை வந்ததுன்னு அவரே சொல்லியிருக்கார். நுனியில ஒரு சின்ன பலூன். மேலறையில வச்சு ஊதினா, ரத்த ஓட்டமே அதை இழுத்துக்கிட்டுப் போகும். கூர்மையான நுனி பலூனுக்குள்ள மறைஞ்சிருக்கறதால சுவர்ல பஞ்சு மாதிரித்தான் படும். அப்படியும் கீழறையைக் கடக்கற சில வினாடிகள்ல தப்புத் துடிப்பு நிறையப் பேருக்கு வரும். அங்கே நிக்காமச் சீக்கிரம் கடக்கறது, தலையைச் சற்று உயர்த்தி உடம்பை வலப்பக்கம் சாய்க்கறது, வெளியே எடுக்கும்போது பலூனைச் சுருக்கிட்டு எடுக்கறது, இதெல்லாம் உதவும். எல்லாருக்கும் முன்கூட்டியே துடிப்பைக் கட்டுப்படுத்தற மருந்து போடற பழக்கம் இப்போ இல்லை. மருந்தை விடக் கை நிதானமும் நல்ல தயாரிப்பும்தான் இதுல பேசுது.

அவசர ஆஞ்சியோவும் நம்ம சாலைகளும்

ஹார்ட் அட்டாக்குக்குச் செய்யற ஆஞ்சியோபிளாஸ்டியில கணக்கு வேற. அடைப்பு திறந்து ரத்தம் திடீர்னு பாயும்போதே துடிப்பு மாறும். வலது ரத்தக்குழாய் திறந்தா மெதுவாகலாம். சிலருக்குக் கொஞ்ச நேரம் அகலமான, நிதானமான துடிப்பு ஓடிட்டு அதுவே சரியாகிடும். வி.எஃப். வர்ற வாய்ப்பும் திட்டமிட்ட ஆஞ்சியோவை விட அதிகம். அதனால பல இடங்கள்ல ஷாக் பேடை நெஞ்சுல ஒட்டிட்டுத்தான் ஆரம்பிக்கறாங்க.

இங்கே ஆபத்தைக் குறைக்கறதுல பெரிய பங்கு நேரத்துக்கு இருக்கு. தசை எவ்வளவு குறைவாச் சேதமாகுதோ, துடிப்பும் அவ்வளவு நிதானமா இருக்கும். வண்டலூர்–வாலாஜாபாத் சாலையில ஷிப்ட் மாறற நேரத்துல, கம்பெனி பஸ்ஸுக்கும் கன்டெய்னர் லாரிக்கும் நடுவுல சொந்த கார்ல நோயாளியைக் கூட்டிட்டுப் போறதை யோசிச்சுப் பாருங்க. வழியில துடிப்பு நின்னா ஓட்டறவர் என்ன பண்ணுவார்? 108-ல மானிட்டரும் ஆளும் இருக்கு. எந்த ஆஸ்பத்திரிக்குப் போகணும்ங்கறதையும் அவங்களால சொல்ல முடியும்.

தமிழ்நாட்டுல இதுக்கு ஆதாரம் இருக்கு. தாமஸ் அலெக்சாண்டர், அஜித் முல்லசாரி ஆகியோர் தலைமையில, சின்ன ஆஸ்பத்திரிகளைக் கேத் லேப் உள்ள பெரிய ஆஸ்பத்திரிகளோட இணைச்சு ஒரு ஆய்வு நடந்துச்சு. 2,420 நோயாளிகள். பக்கத்து ஆஸ்பத்திரியிலேயே ஈ.சி.ஜி. எடுத்து, தேவைப்பட்டா ரத்தக்கட்டியைக் கரைக்கற ஊசி போட்டு, அப்புறம் ஆஞ்சியோவுக்கு அனுப்பற ஏற்பாடு. ஒரு வருஷத்துக்குள்ள இறந்தவங்க விகிதம் 17.6 சதவீதத்துல இருந்து 14.2 சதவீதமாக் குறைஞ்சது. 2017-ல அது வெளியாச்சு. 2023-ல தமிழக அரசு 'இதயம் காப்போம்' திட்டத்தைத் தொடங்கினது. ஆரம்ப சுகாதார நிலையத்துலயே ஆஸ்பிரின், குளோபிடோக்ரெல், அடோர்வாஸ்டாடின்னு மொத்தம் 14 மாத்திரை முதல் டோஸாக் கொடுத்துட்டு அனுப்பறாங்க. நடு ராத்திரி ஷிப்ட்ல நெஞ்சு வலிச்சா, 'கேஸா இருக்கும், காலைல பார்க்கலாம்'னு ஜெலுசில் குடிச்சுப் படுக்கறதுக்கு இது எல்லாமே பதில்.

வெளி மாநிலத் தொழிலாளர்களோட தங்கறவங்களும் கவனிங்க. ஒடிசாவுல இருந்தோ பீகார்ல இருந்தோ வந்த பையனுக்கு நெஞ்சு வலின்னா, கூடப் போறவர் அவன் மொழி தெரிஞ்சவரா இருக்கட்டும். என்ன மாத்திரை சாப்பிடறான், முன்னாடி மயங்கி விழுந்திருக்கானாங்கற பதில் அந்த மொழியிலதான் வரும்.

நேயர் கேள்விகள்

"ஆஞ்சியோ முடிஞ்சு வீட்டுக்கு வந்தப்புறம் படபடப்பு இருந்தா?" எப்போதாவது ஒரு துள்ளல் வந்தா அடுத்த செக்கப்ல சொல்லுங்க. படபடப்பு நிக்காம ஓடினா, தலை சுத்தினா, மயக்கம் வந்தா, மூச்சு வாங்கினா அன்னைக்கே போங்க. இரவானா 108.

"மணிக்கட்டு வழியா, தொடை வழியா, எதுல துடிப்புக் கோளாறு குறைவு?" மணிக்கட்டு வழியில ரத்தக் கசிவு குறைவு, சீக்கிரம் எழுந்து நடக்கலாம். துடிப்பைப் பொறுத்தவரை உள்ளே போனப்புறம் நுனி எங்கே தொடுதுங்கறதுதான் முக்கியம், எந்த வாசல் வழியாப் போச்சுங்கறது பெருசா இல்லை.

"குடும்பத்துல ஒருத்தர் சின்ன வயசுல தூக்கத்துலயே இறந்துட்டார். சொல்லணுமா?" கட்டாயம். பரம்பரையா வர்ற கரண்ட் கோளாறுகள் இருக்கு. கேட்கலைன்னாலும் நீங்களே சொல்லுங்க.

"கையெழுத்துப் போடறதுக்கு முன்னாடி என்ன கேட்கலாம்?" இந்த நாலையும் கேளுங்க:

– பொட்டாசியம், கிரியாட்டினின் எவ்வளவு? சரிசெய்யணுமா?
– என் ஈ.சி.ஜி.யில பழைய பிளாக் ஏதாவது இருக்கா?
– என் மாத்திரைகள்ல எதை நிறுத்தணும், எதைத் தொடரணும்?
– துடிப்பு மாறினா என்ன ஏற்பாடு இருக்கு?

இந்த நாலும் நல்ல டாக்டருக்குப் பிடிச்ச கேள்விகள். ரெண்டு நிமிஷம்தான் ஆகும். பதில் புரியலைன்னா தமிழ்ல திரும்பச் சொல்லச் சொல்லுங்க. வீட்டுல படிச்சுப் பயந்தவங்க யாரோ, அவங்களையே கூடக் கூட்டிட்டுப் போய் அந்தப் பதிலைக் கேட்க வைங்க.

இந்த எபிசோடை உங்க ஷிப்ட் குரூப்ல பகிருங்க, இருமல் ஃபார்வேர்டு வந்த அதே குரூப்ல போட்டாலும் நல்லது. போன வருஷ ஈ.சி.ஜி.யை மறக்காம ஃபோட்டோ எடுத்து வைங்க. அடுத்த எபிசோட்ல, ஸ்டென்ட் வச்சவங்க எந்த மாத்திரையை எத்தனை நாள் நிறுத்தக் கூடாதுங்கறதைப் பார்க்கலாம்.